தாய்வழி வராத குடியுரிமை

போன வாரம் இளம் வக்கீல்கள் நீங்கள் நாலைந்து பேர் வீடு தேடி வந்தீர்கள். குடியுரிமை சம்பந்தமாக ஒரு விவகாரம் வந்தால் கட்சிக்காரரிடம் முதலில் எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும் என்று விசாரித்தீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பி அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்த ஒரு சொல்லைக் கேட்டால் பஸ்ஸைத் தவறவிட்டவன் போல மனசு அடித்துக்கொள்கிறது. நான் அந்த வகையில் நடத்தியது ஒரே ஒரு விவகாரம்தான். அதை முழுதாகச் சொல்கிறேன்.

அப்போது மன்னார்குடியில் என்னிடம் வந்தவை பெரும்பாலும் குடிசை வழக்குகள். மிராசுதாரின் கொல்லையிலும் வாய்க்கால் கரையிலும் தலைமுறையாகக் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்று மாநில அரசு சட்டம் போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சட்டம் வந்ததே தவிர, மனை எல்லோருக்கும் வந்துவிடவில்லை. "இவன் இங்கே இருந்ததே இல்லை, நேற்று வந்தவன்" என்று சாட்சி சொல்ல ஒவ்வொரு ஊரிலும் ஆள் கிடைத்தது. என் அப்பாவும் பண்ணை வேலை பார்த்தவர்தான். பட்டா கைக்கு வந்த அன்றைக்கு அவர் செய்த முதல் வேலை, குடிசையைச் சுற்றி மூங்கில் வேலி கட்டியது. உள்ளே திருடிப் போக ஒன்றும் கிடையாது. இருந்தும் கட்டினார். அதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் சட்டம் என்றால் எனக்குக் கொஞ்சம் கூடுதலான நம்பிக்கை.

அந்த நம்பிக்கையோடு இருந்தபோதுதான் கூத்தாநல்லூரிலிருந்து மரியம் வந்தார். கூடவே அவருடைய மகள் நசீமாவும், அண்ணன் ரஹீமும் வந்திருந்தார்கள். ரஹீம் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். மரியம் பேச ஆரம்பித்து, பாதியில் அண்ணனைப் பார்த்தார். ரஹீம்தான் சொன்னார்.

"போலீஸ்ல ஒரு நோட்டீஸ் கொடுத்துட்டுப் போயிருக்காங்க சார். எங்க நசீமா வெளிநாட்டுக்காரியாம். அனுமதி இல்லாம தங்கியிருக்காளாம். ஊரை விட்டுப் போகணுமாம்."

நடந்தது இதுதான். மரியத்தைப் பினாங்கில் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவருடைய தாத்தா இங்கிருந்து போனவர். ஆனால் அவர் அங்கேயே பிறந்தவர், மலேசியக் குடிமகன். நசீமா பினாங்கில் பிறந்தாள். பிறகு அவர் வேறொரு பெண்ணை மணந்துகொண்டு மரியத்துக்குத் தலாக் கொடுத்தார். கைக்குழந்தைப் பருவம் தாண்டிய மகளைத் தூக்கிக்கொண்டு மரியம் கப்பலேறி ஊருக்கு வந்தார். மரியத்தின் கையில் இந்தியப் பாஸ்போர்ட். குழந்தையின் பெயரில் மலேசியப் பாஸ்போர்ட். அது காலாவதியானதை யாரும் கவனிக்கவில்லை. குழந்தை இங்கேயே படித்தது, பிளஸ் டூ தேறியது, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தது. அதற்கு நேட்டிவிட்டி சான்று வேண்டும். பிறந்த ஊர் என்று கேட்டிருந்த இடத்தில் நசீமா உள்ளபடி "பினாங்கு" என்று எழுதினாள். அங்கிருந்து கிளம்பியது விசாரணை.

"நான் பொறந்தது கூத்தாநல்லூர்" என்றார் மரியம். "எங்க அத்தாவும் அம்மாவும் இங்கதான் மவுத்தாகி அடக்கமானாங்க. என் வயித்துல பொறந்த புள்ளை எப்படிங்க வெளிநாட்டுக்காரியாவும்?"

நான் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். குடியுரிமைச் சட்டத்தை அதற்கு முன் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு வம்சாவளியாகக் குடியுரிமை வருவதைப் பற்றிய பிரிவைக் கண்டுபிடித்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்த நசீமா, "நான் பாக்கலாமா சார்?" என்று கேட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"சார், இங்க 'ஃபாதர்'னு மட்டும் போட்டிருக்கு. பிரிண்டிங் மிஸ்டேக்கா?"

"இல்லம்மா. சட்டமே அப்படித்தான்."

அன்றைக்கு அதுதான் சட்டம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழியாக மட்டுமே இந்தியா கிடைக்கும். தாய் எந்த ஊர்க்காரி என்பது கணக்கிலேயே இல்லை.

ஆனால் சட்டத்துக்குள் இன்னும் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இந்தியக் குடிமக்களாக இருப்பவர்களின் மைனர் பிள்ளைகளைப் பதிவு செய்யலாம் என்ற பிரிவு. அதில் 'தந்தை' என்ற சொல் இல்லை. குடிமக்களாக உள்ள நபர்கள் என்றுதான் இருந்தது. மரியம் ஒரு நபர்தானே. ஆனால் நசீமாவுக்குப் பதினெட்டு நிறைய அதிக நாள் இல்லை. புரட்டாசி கடைசியில் அவள் மேஜர். அதன்பிறகு அந்தக் கதவு மூடிவிடும். இன்னொரு வழி, இந்தியக் குடிமகனின் மனைவிக்குப் பதிவு உண்டு என்பது.

இந்த இரண்டாவது வழியைச் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள் ஒரு தயக்கம். சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். இளைய நண்பர்களே, கட்சிக்காரருக்கு உள்ள வழிகளில் நமக்குப் பிடித்ததை மட்டும் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. சொன்னேன். ரஹீமின் முகம் மலர்ந்தது.

"அட, இவ்வளவுதானா! எம் மவன் சவூதி தம்மாம்லேந்து லீவுல வர்றான் சார். பதினெட்டு முடியட்டும், மறுவாரமே நிக்காஹ். எல்லாம் தீந்துச்சு. முறைப் பையன், தெரியாத இடமா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தங்கையையும் தங்கை மகளையும் அத்தனை வருடம் தாங்கியவர் அவர். நசீமா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மச்சான் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல மாமு. ஆனா அம்மாவால எனக்குக் குடுக்க முடியாத ஊரை மச்சான் எப்படிக் குடுப்பாரு?"

"சட்டம் பேசுறியா? சட்டம்தான் உன்னைக் கப்பலேத்தப் பாக்குது."

நசீமா என் பக்கம் திரும்பினாள். "உங்க பொண்ணா இருந்தா என்ன சொல்வீங்க சார்?"

இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். எனக்கும் ஒரு மகள் உண்டு. நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "கல்யாண வழி உறுதியான வழி. மைனர் பதிவு டெல்லிக்குப் போகும், தள்ளுபடி ஆகலாம். ஆனால் அதை முயற்சி பண்றதால கல்யாண வழி அடைபட்டுப் போகாது" என்று மட்டும் சொன்னேன். முடிவு மரியத்திடம் வந்து நின்றது. அவர் அண்ணனைப் பார்க்காமல், "அவ சொல்றபடியே செய்ங்க சார்" என்றார். ரஹீம் எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்து வந்தது தகப்பனின் கையெழுத்து. மனுவில் அது வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்தில் சொன்னார்கள். பினாங்குக்கு எழுதினோம். பதில் இல்லை. தெரிந்தவர் மூலம் ஆள் அனுப்பினோம். "பார்க்கலாம்" என்றாராம். காத்திருந்ததில் ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் கரையத் தொடங்கியது. ஆயுத பூஜை விடுமுறை தொடர்ந்து வந்தது. விடுமுறை முடிவதற்குள் நசீமாவுக்குப் பதினெட்டு நிறைந்துவிடும். விடுமுறைக்கு முந்தின வேலை நாளில், கையெழுத்து வந்தாலும் வராவிட்டாலும் மனுவைக் கொடுத்தே தீருவது என்று மரியம், நசீமா, நான் மூவரும் காலையில் தஞ்சாவூர் பஸ் ஏறினோம்.

பாதி வழியில் பஸ் நின்றது. வாய்க்கால் பாலத்தின் மேல் கட்டை வண்டிகளைக் குறுக்கே போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். குறுவை அறுப்பு நேரம். கூலி நெல் உயர்த்திக் கேட்டதற்கு, அந்த ஊர் மிராசுதார் வெளியூரிலிருந்து லாரியில் அறுப்பாட்களைக் கொண்டுவருகிறார் என்று செய்தி. அதைத் தடுக்கத்தான் மறியல். முன்னால் நின்றவர் தங்கம்மாள். அவருடைய குடிசை வழக்கை நான்தான் நடத்தி ஜெயித்திருந்தேன். நான் இறங்கிப் போனேன்.

"வெளியூர்க்காரன் ஒருத்தனும் இந்தப் பாலத்தைத் தாண்டக் கூடாதுன்னு முடிவு பண்ணியாச்சு வக்கீலய்யா" என்றார். பிறகு பஸ் ஜன்னலைப் பார்த்து, "அது யாரு, கூட வந்திருக்கிறது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வெளியூர்க்காரி இல்லை என்று நிரூபிக்க ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு, வெளியூர்க்காரனை விடாதே என்று நிற்கும் என் ஆட்களிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தேன். லாரியில் வருகிறவர்களும் பசிக்கு வருகிறவர்கள்தான். இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறபோது நடுவில் நிற்பவனுக்கு நிம்மதி ஏது? அதையெல்லாம் பேச அங்கே நேரமில்லை. விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். தங்கம்மாள் கேட்டுவிட்டு யோசித்தார்.

"பஸ் போவாது. ஆளுங்க நடந்து போங்க. அந்தாண்ட தஞ்சாவூர் வண்டி திரும்பி நிக்குது. ஆனா ஒண்ணு. போலீசு வரும். புடிச்சா எங்களுக்கு நீங்கதான். சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்க."

"வந்துடுறேன்" என்றேன். மரியமும் நசீமாவும் தலை குனிந்தபடி பாலத்தைக் கடந்தார்கள். ஒருவர் வண்டியை நகர்த்தி வழி விட்டார்.

அலுவலகத்தில் நாங்கள் பார்க்க வேண்டிய அதிகாரி கூட்டத்துக்குப் போயிருந்தார். மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கால் தரிக்கவில்லை. எதிரே இருந்த தபாலாபீசுக்குப் போய் நம் வக்கீல் சங்கத்துக்குப் போன் போட்டேன். என் குமாஸ்தா எடுத்தார்.

"சார், பாலத்துல தடியடி. தங்கம்மா வீட்டுக்காரர் உட்பட நெறைய பேரைப் புடிச்சுட்டாங்க. சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி ஆஜர் பண்றாங்களாம். உடனே கிளம்பி வாங்க."

கிளம்பினால் நேரத்துக்குப் போய்விடலாம். ஆனால் அதிகாரி வரவில்லை. அவர் வரும்போது மரியம் தனியாக நின்றால், "தகப்பன் கையெழுத்தோட வாங்க" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜாமீன் மனுவை விடுமுறை முடிந்தும் போடலாம். பதினெட்டு வயதைப் பின்னால் தள்ள எந்தக் கோர்ட்டாலும் முடியாது. நண்பர் ஒருவரை ஆஜராகச் சொல்லும்படி குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு, பெஞ்சுக்குத் திரும்பினேன். எளிதாக எடுத்த முடிவு என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நிமிடமும் எழுந்து ஓடத்தான் தோன்றியது.

அதிகாரி வந்தார். வயதானவர், மரியாதை தெரிந்தவர், பயந்தவர். மனுவைப் புரட்டினார்.

"தகப்பனார் கையெழுத்து எங்க?"

மரியம் நான் வாய் திறப்பதற்குள் சொன்னார்: "அந்த ஆளு கடைசியாக் கையெழுத்துப் போட்டது எனக்கு அனுப்பின தலாக்குலதாங்க. அதுக்கப்புறம் அரிசி வாங்கினது, பீஸ் கட்டினது, காய்ச்சல்னா தூக்கிட்டு ஓடினது எல்லாம் என் கைதான்."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா கார்டியன்னா தகப்பன்தானே?"

"விதியில் அப்படி எங்கே இருக்கு சார்?" என்றேன்.

"விதியில இல்ல. வழக்கம்."

"அப்ப ஒண்ணு செய்ங்க. வழக்கப்படி தகப்பன் கையெழுத்து இல்லாததால் வாங்க மறுக்கிறேன்னு மனு மேலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் ஐகோர்ட்டில் பார்த்துக்கறேன்."

அவர் பேனாவை எடுத்தார். வைத்தார். நசீமாவைப் பார்த்தார்.

"உனக்கு மலாய் தெரியுமாம்மா?"

"தெரியாது சார்."

"அங்க யாராவது இருக்காங்களா?"

"அத்தா இருக்காங்க. என்னைத் தெரியாது."

அவர் மனுவை மறுபடி ஒரு முறை புரட்டினார். பிறகு பியூனைக் கூப்பிட்டு, தேதி முத்திரையை எடுத்துவரச் சொன்னார். "நான் வாங்கி மேல அனுப்பறேன். அங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். நமக்கு அன்று வேண்டியிருந்தது அந்தத் தேதிதான்.

இதை மட்டும் மனதில் வையுங்கள். வாய்மொழி மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. மறுக்கிறவரை எழுதச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றதும் பாதிப் பேர் மறுக்க மாட்டார்கள். கோபமாகக் கேட்காதீர்கள், அவருக்கும் ஒரு வழி விட்டுக் கேளுங்கள்.

நான் ஊர் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. நண்பருக்கு வழக்கு விவரம் தெரியாது. வந்த வேகத்தில் ஆஜரானார், பிடிபட்ட எல்லோரையும் ரிமாண்ட் செய்துவிட்டார்கள். தங்கம்மாளின் வீட்டுக்காரருக்கு முன்கையில் எலும்பு முறிந்திருந்ததை மாஜிஸ்ட்ரேட்டிடம் யாரும் சொல்லவில்லை. துண்டால் சுற்றிக் கட்டிய கையோடு சப் ஜெயிலில் கிடந்தார். ஜாமீனில் வந்து கட்டுப் போட்டபோது, எலும்பு கோணலாகச் சேர ஆரம்பித்துவிட்டது என்றார்கள். கோர்ட் வாசலில் தங்கம்மாள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"போன காரியம் ஆச்சா?"

"ஆச்சும்மா."

"சரி" என்றார். அடுத்த வழக்கை அவர் வேறு வக்கீலிடம் கொடுத்தார். அது அவருடைய உரிமை. அன்றைக்குச் செய்தது சரியா என்று என்னை நானே விசாரித்து இன்னும் தீர்ப்பு எழுதவில்லை. மறுபடி அதே நாள் வந்தால் அதையேதான் செய்வேன் என்று தெரியும். அப்படியும் அந்தக் கை நேராகாது என்றும் தெரியும்.

டெல்லியிலிருந்து பதில் சீக்கிரம் வரவில்லை. அந்த முத்திரை இருந்ததால் நாடு கடத்தும் நடவடிக்கையை நிறுத்தி வைத்தார்கள். நசீமா ஆசிரியர் பயிற்சிக்குச் சேர முடியாமல் தபால் வழியில் படித்தாள். அவ்வப்போது காவல் நிலையத்துக்குப் போய், இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். ரஹீமின் மகன் வேறிடத்தில் கல்யாணம் செய்துகொண்டான். அந்தக் கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. பிரியாணி பரிமாறும்போது ரஹீம் என் இலையைக் கவனிக்காமல் அடுத்த இலைக்குப் போனார். இரண்டு வருடத்துக்குப் பக்கமாக ஆனபோது பதிவுச் சான்றிதழ் வந்தது. மரியம் அதைக் கையில் வாங்கவே இல்லை. மகளிடமே கொடுக்கச் சொன்னார்.

சில வருடங்கள் கழித்து நாடாளுமன்றத்தில் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 'தந்தை' என்றிருந்த இடத்தில் தந்தை அல்லது தாய் என்று வந்தது. பத்திரிகையில் பார்த்துவிட்டு நசீமாவுக்கு ஆள் விட்டேன். அவள் வந்து வரிவரியாகப் படித்தாள்.

"இது இனிமே பொறக்குற பிள்ளைங்களுக்குத்தானே சார்?"

ஆமாம். பழைய பிள்ளைகளுக்கு இல்லை. சட்டம் திருந்தும்போது பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே இருப்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். நான் படித்த காலத்தில் இந்த மண்ணில் பிறந்தால் போதும், பெரும்பாலும் இந்தியன்தான். பிறகு பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்றார்கள். அதன்பிறகு இன்னொருவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது என்றார்கள். ஒரு பக்கம் தாய்க்குக் கதவு திறந்தது. இன்னொரு பக்கம் மண்ணுக்கு இருந்த கதவு ஒருக்களித்துச் சாத்தப்பட்டது. ஆகவே உங்களிடம் வருகிறவர் எந்த வருடம் பிறந்தார் என்று முதலில் கேளுங்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு சட்டம், தம்பிக்கு ஒரு சட்டம் இருக்கும். உங்கள் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் இதுதான் பதில். ஆனால் இதைச் சொல்லி முடிக்க எனக்கு மனசில்லை.

சான்றிதழ் வந்த கொஞ்ச காலத்தில் ஒரு தேர்தல் வந்தது. வாக்களிக்கும் வயதை அப்போதுதான் பதினெட்டாகக் குறைத்திருந்தார்கள். முன்பு போல இருபத்தொன்று என்றே இருந்திருந்தால் நசீமா இன்னும் காத்திருக்க வேண்டும். பட்டியலில் பெயர் வந்துவிட்டது. அம்மாவும் மகளும் கூத்தாநல்லூர் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு நடந்ததை மரியம் எனக்குச் சொன்னார்.

நசீமாவின் பெயரைப் படித்ததும், ஒரு கட்சியின் ஏஜெண்ட் எழுந்து ஆட்சேபித்தார்: "இந்தப் பொண்ணு மலேசியாக்காரி. ஊருக்கே தெரியும்." வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சான்றிதழ் வீட்டில் பெட்டிக்குள் இருந்தது. வாக்குச்சாவடி அதிகாரி, "இவரை இந்த ஊர்க்காரர்னு சொல்ல இங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்.

எதிர்க் கட்சியின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவர் ரஹீம். நசீமாவும் மரியமும் தன் கட்சிக்குப் போட மாட்டார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்காக வீட்டில் சண்டை நடந்து, இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. அவர் எழுந்தார்.

"என் தங்கச்சி மவ சார். அவ எங்க சின்னத்துக்குப் போடமாட்டா, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா அவ இந்த ஊருக்காரிதான். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

அதிகாரி விரலில் மை வைத்தார். நசீமா மறைப்புக்குள் போய் முத்திரை குத்தி, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ரஹீம் வாசலுக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அடித்தொண்டையில் கேட்டாராம்: "சரி, யாருக்குத்தான் போட்டே?"

"சொல்லக் கூடாது மாமு" என்றாளாம் நசீமா. "அதுவும் சட்டம்."